இருபத்துநான்கு தேதிகள்

'பரிசீலனையில் உள்ளது.' இந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். பத்தொன்பது மாதத்தில் அந்த ஆய்விதழின் ஆபீசிலிருந்து எனக்கு ஆறு கார்டு வந்தது. ஆறிலும் அதே வாசகம், டைப் அடித்து, கீழே ரப்பர் ஸ்டாம்ப். ஆறாவது கார்டில் ஸ்டாம்ப் தலைகீழாக விழுந்திருந்தது. அதையாவது பார்த்துக் குத்தக்கூடாதா என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். எல்லோரும் பேப்பர் திருத்தக் குனிந்துகொண்டார்கள். என் வாய் அவர்களுக்குத் தெரியும்.

என் பெயர் விஜயகுமாரி. அப்போது செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாக முப்பத்தோரு கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை தண்ணீர் எடுத்து, இரண்டு வருஷம் உப்பு அளந்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த சர்வே ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால், நிலத்துக்கடியில் கடலின் உப்பு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. இதுதான் என் கண்டுபிடிப்பு. கட்டுரையாக எழுதி மூன்று பிரதி எடுத்து, 1998 ஜனவரியில் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

பத்திரிகைக்காரர்கள் அதை அந்தத் துறை தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். ரெஃபரி என்று பெயர். அவர்கள் யாரென்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். இருவரும் சரியென்றால்தான் அச்சில் வரும். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் தீசிஸை வாங்குவோம் என்பது எங்கள் யூனிவர்சிட்டி விதி. என் பதிவு ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு, 1999 செப்டம்பர் முப்பதோடு செத்துவிடும். பட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காரும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்திநாலு வயது. இதை விட்டால் வேறு ஒன்றும் என் கையில் இல்லை.

என் கைடு கோதண்டராமன் சாருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "ஜர்னல்னா அப்படித்தாம்மா. என் பேப்பர் ஒண்ணு மூணு வருஷம் கிடந்தது. பொறுமையா இருங்க" என்பார். அவருக்கு வேலை நிரந்தரமாகி இருபது வருஷமாகிறது. அப்படி ஒரு வேலை இருந்தால் அந்தப் பொறுமையை நானும் காட்டுவேன்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம். ஏழாவது கார்டுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த ஆபீசுக்குப் போன் போட்டேன். முதல் நாள் எடிட்டர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் நாள் ஃபைலைக் காணோம். மூன்றாம் நாள் கிளார்க் மனம் இளகினார்.

"ஒரு ரிப்போர்ட் எப்போதோ வந்துவிட்டது மேடம், பிரசுரிக்கலாம் என்று. இன்னொருவர்தான் தரவில்லை. நாலு வாரம் கொடுங்கள், ஆறு வாரம் கொடுங்கள் என்று கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். பெரிய மனிதர், எடிட்டர் அவரிடம் கடுமையாகப் பேச மாட்டார். உங்கள் பக்கத்து ஆள்தானே, நீங்களே..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றார். நான் அழுதேன். வேண்டுமென்று அழவில்லை, தானாக வந்தது. பூத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்த மனிதர் ஏதோ உறையைத் திருப்பிப் பார்த்து, தபால் முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கூடு... வான்... இதை எப்படித்தான் சொல்வீர்களோ" என்றார்.

அது போதும். கடல்நீர் உட்புகல் பற்றி எழுதியவர்களில் கூடுவாஞ்சேரியில் இருப்பவர் ஒரே ஒருவர். அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நரசிம்மன். என் கட்டுரையின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் அவர் பெயர் எட்டு இடத்தில் இருக்கிறது. நான் எட்டு முறை பெயரைப் போட்ட மனிதர் என்னைக் காயப்போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை மின்சார ரயிலில் போனேன். கட்டுரை எழுதியவர் ரெஃபரியைப் போய்ப் பார்ப்பது மகா தப்பு. தெரிந்தேதான் போனேன். உங்கள் கட்டுரைகளில் ஒரு சந்தேகம் என்று பேச்சை ஆரம்பித்து, மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று ரயிலிலேயே வசனம் தயார் பண்ணினேன்.

ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு புது நகரில் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி. அறுபது வயது இருக்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் ஈர டவல்.

"நரசிம்மன் சாரைப் பார்க்கணும் மாமி. நான் செங்கல்பட்டுலேர்ந்து வரேன். காலேஜ்ல லெக்சரர்."

"உள்ள வாம்மா. பேர் என்ன?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"விஜயகுமாரின்னா... அந்தக் காகிதக் கட்டுல பேர் போட்டிருக்கே, அந்த விஜயகுமாரியா?"

ரயிலில் தயார் பண்ணிய வசனம் அத்தோடு போயிற்று.

ஹாலில் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வணக்கம் சொன்னேன். கண் மட்டும் என் பக்கம் வந்தது. எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று. அதில் நவம்பர் பதினாலு என்றிருந்தது. வெளியே ஆகஸ்ட் இருபத்தொன்று. அந்த வீட்டில் தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"போன வருஷம் ஜூன்ல" என்றாள் மாமி. ராஜம் என்று பெயர். "ராத்திரி சாப்பிட்டு எழுந்தார், விழுந்தார். வலப்பக்கம் போயிடுத்து. பேச்சும் வரலை. புத்தி தெளிவா இருக்குன்னு டாக்டர் சொல்றார். அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

அப்படியானால் கடிதம் எழுதிக் கெடு கேட்டது யார் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நான்தான். முப்பத்தெட்டு வருஷமா அவர் எழுதினதை எல்லாம் நான்தான் ஃபேர் காப்பி எடுப்பேன். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வெளியில எல்லாருக்கும் என் எழுத்துதான் அவர் எழுத்து. கடைசியில ஒரு சைன், அதையும் போடக் கத்துண்டேன்." மாமி டவலை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "வேற எந்தக் கட்டும் இப்போ வரதில்லை. உன்னோடது ஒண்ணுதான் அவர் மேஜை மேல இருக்கு. அதைத் திருப்பி அனுப்பிட்டா மேஜை காலி. அவர் தேறி வந்து எழுதிடுவார்னு நினைச்சேன். ஒவ்வொரு மாசமும் நினைச்சேன்."

எனக்குக் கோபப்பட வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. முடியாததால் இன்னும் கோபம் வந்தது. செப்டம்பர் முப்பதைப் பற்றிச் சொன்னேன். வேலையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன். மாமி முகம் வெளுத்துவிட்டது.

"உன் ஜீவனத்தைக் கட்டி என் மேஜை மேல வெச்சுண்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றாள். போய்க் கட்டை எடுத்துவந்தாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கூட. "நீயே எழுது. உனக்குத்தான் விஷயம் தெரியும். நான் காப்பி எடுத்து சைன் போட்டுத் தரேன். இன்னிக்கே தபால்ல சேர்த்துடு. இவர் நல்லா இருந்தா உனக்கு நல்லதாத்தான் எழுதியிருப்பார்."

அவள் காபி போட உள்ளே போனாள். நான் கட்டைப் பிரித்தேன். பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் நான் அனுப்பிய அதே பதினேழு பக்கம். முதல் ஐந்து பக்கத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் குறிகள். ஒரு இடத்தில் 'நல்ல வேலை' என்றுகூட எழுதியிருந்தார். ஆறாம் பக்கம் அட்டவணை. தண்ணீர் எடுத்த இருபத்துநான்கு தேதிகள். 1996 ஜனவரி 20, பிப்ரவரி 18, மார்ச் 19 என்று வரிசையாக. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு டிக். கீழே அந்தக் கோழி கிளறல்: 'எல்லாமே அமாவாசை. கடல் ஏறி நிற்கும் நாள். அஷ்டமியில், கடல் அடங்கியிருக்கும்போது, எடுத்த தண்ணீர் எங்கே? இது இல்லாமல் முடிவு நிற்காது.' அதற்கப்புறம் பதினொரு பக்கமும் சுத்தமாக இருந்தன. அங்கேதான் ஜூன் மாதம் வந்திருக்கிறது.

தேதிகளை மேலிருந்து கீழே விரலால் தொட்டு எண்ணினேன்.

என் அண்ணன் காசிநாதன் மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் வேலை செய்தான். அமாவாசை அன்று பட்டறையில் யாரும் உளியைத் தொட மாட்டார்கள். மாதத்தில் அவனுக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. முப்பத்தோரு குட்டிக் கேனையும் என்னையும் அவன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஏற்றிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. அதனால் அமாவாசை தவறாமல் போனோம். காலேஜில் அன்றைக்கு வகுப்பை மாற்றிக்கொள்வேன். அமாவாசை என்றால் எனக்கு அண்ணனின் லீவு நாள். அது கடலுக்கும் ஒரு நாள் என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. எம்.எஸ்ஸி. படித்தவள். கோதண்டராமன் சாருக்கும் தோன்றவில்லை. முதல் ரெஃபரிக்கும் தோன்றவில்லை.

தோன்றியவள் ஒருத்தி இருந்தாள். கோவளத்தில் பதினாலாம் நம்பர் கிணற்றுக்காரி, வேண்டா என்று பெயர். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அவள் வீடு. நான் வாளியை இறக்கும்போதெல்லாம் சொல்வாள். "நீ வந்தாலே தண்ணி கரிக்கிதும்மா. இன்னா ராசியோ ஒனக்கு." நான் சிரித்துக்கொண்டே எண்ணைக் குறித்துக்கொள்வேன்.

காபி வாசனை வந்தது. சமையலறையில் டம்ளர் சத்தம். என்னிடம் இரண்டு நிமிஷம் இருந்திருக்கும். பேனாவை எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை. 'கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு. தரவுகள் நம்பகமானவை. மாற்றமின்றிப் பிரசுரிக்கலாம்.' மூன்றே வாக்கியம், ஆங்கிலத்தில். ஒரு நாள் தண்ணீரால் என்ன ஆகிவிடும், உப்பு ஏறியது ஏறியதுதானே, அப்புறம் அஷ்டமியில் போய் எடுத்து அடுத்த கட்டுரையில் சேர்த்துவிடலாம், ஊரில் எத்தனை பேர் இதைவிட மோசமாக எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் பக்கத்தைக் கட்டுக்குள் அடியில் செருகினேன்.

மாமி அதைப் படிக்கக்கூட இல்லை. மேஜையில் உட்கார்ந்து முத்து முத்தாகக் காப்பி எடுத்தாள். கீழே சைன் போட்டாள். உறைக்குள் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் காபியைக் குடிக்காமல் எழுந்தேன்.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருடைய இடது கை தூக்கியிருந்தது. விரல் சுவரில் இருந்த காலண்டரைக் காட்டியது.

"இதோ ஆரம்பிச்சுட்டார்" என்று மாமி போய் நவம்பர் பதினாலைக் கிழித்தாள். பதினைந்து வந்தது. அவர் தலையை வேகமாக ஆட்டினார். இடது கையால் நாற்காலியின் பிடியைப் பட் பட்டென்று அடித்தார். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. மாமி டவலால் துடைத்தாள். "ஒரு வருஷமா இப்படித்தான். காலண்டரைக் காட்டுவார். கிழிச்சாக் கோபம் வரும். கிழிக்கலைன்னாலும் கோபம் வரும். என்ன வேணும்னு எனக்குப் புரியலை. அமாவாசைத் தர்ப்பணம் நின்னு போச்சேன்னு நினைக்கறாரோன்னு வாத்தியாரைக்கூடக் கூப்பிட்டுக் கேட்டாச்சு. ஆள் வந்தா இன்னும் ஜாஸ்தி ஆயிடும், நீ ஒண்ணும் நினைச்சுக்காதே."

அந்த வீட்டில் அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். உறை என் கையில் இருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. நான் போய்விட்டால் அவர் உயிர் போகிற வரைக்கும் அந்தச் சுவரைக் காட்டிக்கொண்டே இருப்பார். மாமியும் கிழித்துக்கொண்டே இருப்பாள். இது எனக்கு அங்கே நிற்கும்போது தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஆறாம் பக்கத்தை உருவி எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"சார். இந்தத் தேதிதானே? இருபத்துநாலும் அமாவாசைதான் சார். எங்க அண்ணனுக்கு அன்னிக்குத்தான் பட்டறை லீவு. அவன் வண்டிலதான் போவேன். வேற காரணம் இல்ல. எனக்கு இது தெரியவே இல்ல சார். நீங்க சொல்றது சரி."

அவர் கை மெதுவாக இறங்கியது. பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி பலமாக இருந்தது. ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது.

மாமி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் அந்த நவம்பர் தாள். "இதையா சொல்லிண்டிருந்தேள்? நான் பாட்டுக்குக் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டேனே" என்று விசும்பினாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கே யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

உறையைக் கிழித்து, மாமியிடம் இன்னொரு தாள் கேட்டேன்.

"நன்னா யோசிச்சுக்கோ" என்றாள் மாமி. "எனக்கு இதெல்லாம் தெரியாது. முதல்ல எழுதினதையே போட்டாலும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லப்போறதில்லை."

யோசிக்க ஆரம்பித்தால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் அவருக்கு உரக்கப் படித்தேன். சரியென்றால் கண்ணை மூடித் திறந்தார். 'கடற்கரையை ஒட்டிய சில கிணறுகளில் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும்' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன். அவர் கண்ணை மூடவில்லை. இன்னொரு முறை படித்தேன். நாற்காலிப் பிடியை ஒரு தட்டு தட்டினார். 'சில கிணறுகளில்' என்பதை அடித்து 'முப்பத்தோரு கிணறுகளிலும்' என்று மாற்றினேன். அதற்கப்புறம்தான் விட்டார். 'தற்போதைய வடிவில் பிரசுரிக்கத் தகுதியில்லை' என்பது கடைசி வரி. மாமி காப்பி எடுத்தாள். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசல் தபால் பெட்டியில் நானே போட்டேன். போட்ட பிறகு பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

பத்தொன்பது மாதம் வராத பதில் ஒன்பதே நாளில் வந்தது. இந்த முறை கார்டு இல்லை, உறை. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஆரம்பித்தது. ரெஃபரியின் கருத்தை டைப் அடித்து இணைத்திருந்தார்கள். நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை நானே பிரித்து நானே படித்தேன். கோதண்டராமன் சாருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

"யாரும்மா இந்தக் கொலைகாரன்? கெடு முடியற நேரத்துல கழுத்தை அறுத்திருக்கானே."

"நல்ல ரெஃபரி சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செப்டம்பர் முப்பது வியாழக்கிழமை. அன்றைக்கு யூனிவர்சிட்டி ஆபீஸ் மூடுகிற நேரம் வரைக்கும் ஸ்டாஃப் ரூமில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஐந்தே முக்காலுக்கு எழுந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த வாரமே என் நாற்காலிக்கு இன்டர்வியூ போட்டார்கள்.

அக்டோபர் இரண்டு காந்தி ஜெயந்தி, காலேஜ் லீவு. தேய்பிறை அஷ்டமியும் அன்றைக்குத்தான். அண்ணன் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வண்டியோடு வந்து நின்றான்.

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"இன்னா சொல்வாரு. அஷ்டமில போயி எவனாவது லீவு போடுவானான்னாரு. ஏறு, வெயிலு ஏறிகினு கீது."

கோவளத்தில் வேண்டா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னாம்மா, இன்னிக்கு அமாவாச இல்லியே. வந்துகீற?"

"தண்ணி எடுக்கத்தான் வேண்டாக்கா."

"எடு, எடு. இன்னிக்கு நல்லாக்கீது. இந்தத் தண்ணிலதான் காலைல சோறாக்கினேன். நீதான் எப்பவும் கரிக்கிற நாளாப் பாத்து வந்து நிப்ப."

வாளியை இழுத்து ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பு இல்லை. இரண்டு வருஷத்தில் என் நோட்டில் பதினாலாம் நம்பருக்கு நேரே இருந்த எண்களில் ஒன்றுகூட அந்தத் தண்ணீருக்குப் பொருந்தாது. ஊரே சந்தோஷப்பட வேண்டிய தண்ணீர் அது. நான் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"இன்னாச்சி விஜயா?" அண்ணன் கேனோடு ஓடிவந்தான். "தண்ணி கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணா. நல்ல தண்ணி."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கேனை நிரப்பி மூடினான். எப்போதும் லேபிள் எழுதுவது அவன்தான். பேனாவை எடுத்து, 14, 2-10-99 என்று எழுதினான்.

"பக்கத்துல அஷ்டமின்னும் எழுதுண்ணா" என்றேன்.